சீல் வைத்த தண்ணீர்

யாராவது கயிறு கட்டினால் அத்தான் உடனே பக்கத்தில் போகமாட்டார். கட்டியவர் கையைத் துடைத்துக்கொண்டு நகரும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் செருப்பைத் தேடுவதுபோல, அல்லது மேகம் பார்க்க அந்த இடம்தான் வசதி என்பதுபோல, மெல்ல அங்கே போய் நிற்பார். கட்டைவிரல் மட்டும் முடிச்சின் மேல் ஊரும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணின் உதவியில்லாமலே ஒருமுறை படித்துவிட்டு, நுனியைப் பிடித்து ஒரு சுண்டு. முடிச்சு தவறாக இருந்தால் அவிழ்த்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்புவார். சரியாக இருந்தால்தான் சிக்கல். முகத்தில் சின்னதாக ஓர் ஏமாற்றம் வரும். அன்று முழுக்க அந்த முடிச்சுக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் எனக்கு அத்தான். மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதனை வேலை. விளக்கு எரிந்தும் மீட்டர் ஓடாத வீடுகளைக் கண்டுபிடிப்பவர். அவருடைய அறைக்கு நான் சில தடவை சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். சன்னல் இல்லாத அறை. ஒரு பக்கம் முழுக்க இரும்பு அலமாரி, அதில் பிடிபட்ட மீட்டர்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை. ஒன்றுக்குள் காந்தம், ஒன்றின் முதுகில் ஊசித்துளை, ஒன்றுக்குள் காய்ந்துபோன பல்லி. அந்தப் பல்லி தானாக விழுந்ததா, யாராவது போட்டார்களா என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. இத்தனை வருஷத்தில் அந்த அறை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: அனுப்பியது ஒன்று, மீட்டரில் வந்தது ஒன்று என்றால், நடுவில் காணாமல் போனது தானாகப் போகாது. அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும்.

இப்படிப்பட்டவரோடு தெருவில் யார் நின்று பேசுவார்கள்? "இவர் முனையில திரும்பினாலே நாலு வீட்ல ஃபேன் நின்னுடுது" என்பாள் அக்கா. அலுவலகத்தில் அவர் 'சார்', வெளியில் 'அந்த மீட்டர்காரன்'. அவரை 'டா' போட்டுக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர்.

ஒருவர் பல் செட் செய்பவர். பல் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில், சாந்தில் வார்த்த தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊரார் சிரிப்பைச் செதுக்கிக்கொண்டிருப்பார். பேச்சு குறைவு, விரல் நீளம். அவர் பெயர் 'பல்லு'. இன்னொருவர் சன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துபவர், 'கண்ணாடி'. உடம்பு முழுக்க வாய். முன்பல் இரண்டும் பல்லு செய்து கொடுத்தவை, சிரிக்கும்போதெல்லாம் கழன்றுவிடும். அவர்களுக்கு அத்தான் 'மீட்டர்'. மூவரும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. அந்தக் காலத்தில் அத்தான் இப்படி இல்லை, எல்லாவற்றையும் நம்பி ஏமாறுகிற பையனாக இருந்தான் என்று கண்ணாடி சொல்வார். எனக்கு நம்பிக்கையில்லை.

மூவரும் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருந்தார்கள். என்ன பெயர் வைப்பது என்பதில் ஒத்துவராததால், பின்பக்கம் பெயர் எழுதவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பெயிண்ட். வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு தீவுகளைச் சுற்றிவிட்டு வருவார்கள். போனால் கடைசித் தீவுவரை போவார்கள். அங்கே நங்கூரம் தூக்குவதற்கு முன்னால் மூவரும் பாய்மரத்தில் கை வைக்கவேண்டும். மூன்று கையும் விழுந்தால் அடுத்த வருஷமும் படகு உண்டு. ஒரு கை குறைந்தாலும் விற்றுவிட வேண்டும், மிச்ச இரண்டு பேர் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. வாங்கிய அன்றே பேசிக்கொண்டது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. எதையும் மூன்று பிரதி எடுத்து முத்திரை குத்துகிற அத்தான், வாழ்க்கையில் வாய்ச்சொல்லாக விட்டுவைத்தது இது ஒன்றைத்தான்.

அந்த வருஷம் நாலாவது படுக்கை காலியாக இருந்தது. அக்கா என்னைப் போகச் சொன்னாள். அத்தான் போன பயணத்திலிருந்து திரும்பியபோதே மற்ற இருவரும் சரியாகப் பேசவில்லையாம். ஏதோ ஒரு டப்பா பிஸ்கட் காணாமல்போன விவகாரம். "இந்தத் தடவை அவங்க கை வைக்கலைன்னா இவர் அவ்வளவுதான்டா. வருஷம் முழுக்க அந்தப் படகை நெனச்சுதான் ஓட்டுறாரு. நீ எதுவும் பேசவேண்டாம், உனக்குத்தான் வராதே. கூட இரு, போதும்" என்றாள்.

படகில் கால் வைத்ததுமே அத்தான் எனக்குப் புதிதாக ஒன்றைக் காட்டினார். சமையல் மேடைக்குக் கீழே, குடிதண்ணீர்க் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தியிருந்தார். வீடுகளில் இருக்குமே, அதே மாதிரி பித்தளை மீட்டர். உலகத்தில் எந்தப் பாய்மரப் படகிலும் அப்படி ஒன்று இருக்காது. பல்லு அதைக் குனிந்து பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். கண்ணாடி மட்டும், "மூச்சு விடுறதுக்கும் ஒண்ணு மாட்டிடுடா மீட்டர், நான்தான் அதிகமா விடுறேன்" என்றார்.

படகில் ஒரே தண்ணீர்த்தொட்டி. இடப்பக்கப் படுக்கைக்கு அடியில், கண்ணாடி படுக்கிற மெத்தைக்குக் கீழே அதன் வட்ட மூடி. வழியிலுள்ள தீவுகளெல்லாம் சின்னவை. வெள்ளை மணல், தென்னை, உப்புக்கரிக்கிற கிணறு. நல்ல தண்ணீர் கடைசித் தீவின் துறையில்தான் கிடைக்கும். ஆகவே தண்ணீர் ஒரு பேச்சாகத்தான் இருக்கும், எந்தப் படகிலும்.

முதல் சில நாட்கள் அழகாக இருந்தன. காற்று வலப்பக்கத்திலிருந்து மாறாமல் அடித்தது. படகு இடப்பக்கம் சாய்ந்து, பள்ளிக்கூடத்தில் தூங்கும் பையன் மாதிரி தலையை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு ஓடியது. தட்டும் தம்ளரும் நாங்களும் எல்லாமே அந்தப் பக்கம் சரிந்து கிடந்தோம். தீவுகள் தூரத்தில் முதலில் ஒரு பச்சைக் கீறலாகத் தெரியும், அப்புறம் மரங்களாகப் பிரியும். பகலில் குளித்தோம், மீன் பிடித்தோம், மத்தியானம் பாய் நிழலில் சீட்டாடினார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் அத்தான் மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார். நனைந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே சமையல் மேடைக்கு வந்து மீட்டரைப் பார்த்தார். மறுபடி குச்சியைப் பார்த்தார். மீட்டர் சொன்னதைவிடத் தொட்டியில் நிறையக் குறைந்திருந்தது.

சத்தம் போடவில்லை. அவர் முகத்தில் அந்தச் சின்ன ஏமாற்றம்கூட இல்லை. அதற்குப் பதிலாக, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு களை வந்தது.

என்னைத் தனியாக முன்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனார். குழாயைத் தொடாமல் யாரோ நேராகத் தொட்டியிலிருந்தே மொள்ளுகிறார்கள், கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டும், மூடிக்கு மேலேயே படுத்திருக்கிறவன் அவன்தானே என்றார். நான் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொன்னார். "நீ பாட்டுக்கு அந்தக் கவிதைப் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காரு மச்சான். கவிதைதானே, பக்கம் திருப்பலைன்னாலும் யாருக்கும் சந்தேகம் வராது."

நான் உட்கார்ந்தேன். கண்ணாடி மெத்தையில் புரண்டால் கேட்டது. அவர் தம்ளரைக் கழுவாமல் வைத்தால் தெரிந்தது. பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே ஏதோ மாதிரிதான் இருக்கிறது. ஒரு மனிதர் தாகமெடுக்காமல் சும்மா இருப்பதே, ஏற்கெனவே குடித்துவிட்டவர் இருப்பதுபோலத் தோன்றியது.

அன்றே பல்லு என் பக்கத்தில் வந்து கயிறு சுற்றுவதுபோல உட்கார்ந்தார். எனக்கு ஒன்று தெரியவேண்டும் தம்பி என்று ஆரம்பித்து, உங்கள் அத்தானே தண்ணீரைக் கொட்டிவிட்டு மீட்டருக்கு வேலை காட்டுகிறாரோ என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வந்தார். பல்லு தினமும் முகம் மழிக்கிறானே, கடல்தண்ணீரில் சோப்பு நுரைக்குமா, நீ படித்தவன், சொல் என்றார். வாய் திறக்காத ஒருவன் படகில் இருந்தால் எல்லோருக்கும் அவன்மேல்தான் நம்பிக்கை வந்துவிடுகிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் படகில் மூவருக்கும் நான் வேவுகாரனாகியிருந்தேன். நெருப்பில்லாமல் புகையுமா என்று நானே மூவரையும் மாற்றிமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. கஞ்சிக்கு அளந்து ஊற்றினோம். பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தோம். சீட்டாட்டம் நின்றது.

அப்போதுதான் அத்தான் தன் பையிலிருந்து அலுவலகச் சாமானை எடுத்தார். முறுக்குக்கம்பி, ஈய வில்லை, அதை நசுக்கி முத்திரை பதிக்கிற குறடு. மீட்டர் பெட்டிகளுக்குப் போடும் சீல். எல்லோர் முன்னிலையிலும் தொட்டி மூடியின் இரண்டு துளைகளிலும் கம்பியைக் கோத்து, வில்லைக்குள் நுழைத்து, குறட்டால் ஓர் அழுத்து. அப்புறம் நிமிர்ந்து, இனி எவன் கை வைக்கிறான் பார்க்கலாம், என் சீலைத் தடம் தெரியாமல் பிரிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்றார். கண்ணாடி கையைத் தட்டினார். பல்லு சீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொட்டியின் பக்கத்தை விரலால் தட்டி ஓசை மாறும் இடத்தைப் பார்த்ததில், தண்ணீர் இன்னும் குறைந்திருந்தது. சீல் அப்படியே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை என்று சந்தோஷப்படவேண்டிய இடம். அத்தானுக்கு அப்படி வேலை செய்யாது. சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மெத்தைக்கு அடியில் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என் காதில், "கம்பியோட நுனி நேத்து சன்னல் பக்கம் பாத்துச்சு. இன்னைக்குக் கதவு பக்கம் பாக்குது" என்றார். படகு ஆடியதில் நகர்ந்திருக்காதா என்று கேட்டேன். ஈயத்துக்குள் நசுங்கிய கம்பி ஆடாது என்றார். ஊசியால் வில்லையின் துளையை லேசாக அகட்டி, கம்பியை உருவி, மறுபடி நுழைத்து, பூப்போல அழுத்தியிருக்கிறார்களாம். அவருடைய பார்வை என்னைத் தாண்டி மேல்தளத்துக்குப் போனது. அங்கே பல்லு, கண்ணாடியின் கழன்ற முன்பல்லை ஒரு மெல்லிய கருவியால் சரிசெய்துகொண்டிருந்தார்.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப்பட்டது. கம்பி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

கடைசிக்கு முந்தின தீவில் நங்கூரம் போட்டிருந்த மத்தியானம் அது வெடித்தது. நால்வரும் சுக்கான் பக்கத்தில், துணி நிழலில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் சுற்றி வளைக்கவில்லை. சீலைப் பிரித்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ பேர் பிரிக்கப் பாத்திருக்காங்க. ஒருத்தனாலயும் முடியல. உன் கைக்குத்தான்டா இது முடியும்."

பல்லுவின் முகம் சிவந்தது. கோபம்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான அந்த விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதைப் பார்க்கத் தாங்காமல்தானோ என்னவோ கண்ணாடி நடுவில் புகுந்தார். "சரி, நான்தான்டா எடுத்தேன். ராத்திரி தாகமெடுத்துச்சு, குடிச்சேன். போதுமா? அவனை விடு."

அவர் எடுக்கவில்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. சண்டையை முடிக்க ஒரு நல்ல மனிதர் தூக்கிப்போட்ட பொய். வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பார்கள். அத்தான் அதையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். எதில் மொண்டாய், எப்படிப் பிரித்தாய், எந்தப் பக்கத் துளையில் கம்பியை உருவினாய்? கண்ணாடி முதலில் தம்ளர் என்றார், அப்புறம் சொம்பு என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக உளறிக்கொட்டினார்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான்" என்றார் அத்தான்.

பல்லு எழுந்து உள்ளே போய்த் தன் பையை அடுக்க ஆரம்பித்தார். 'ஜிப்' இழுபடும் சத்தம் வெளியே கேட்டது. கடைசித் தீவிலிருந்து ஊருக்குப் படகுச் சேவை இருந்தது. அதில் போகிறேன், கை வைக்க மாட்டேன் என்று கண்ணாடியிடம் மட்டும் சொன்னாராம். நினைத்த இடத்தில் திருடனைப் பிடித்துவிட்ட மனிதர், பிடித்த கையோடு தன் படகு போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். துறைக்கு வெளியே நங்கூரம் போட்டதும் பல்லுவையும் பையையும், வழியனுப்பக் கிளம்பிய கண்ணாடியையும் ரப்பர் படகில் ஏற்றி நான்தான் கரையில் விட்டேன். திரும்பி வரும்போது முதல்முறையாகப் படகை இடப்பக்கம் முழுக்க வெளியிலிருந்து பார்த்தேன். ஓடும்போது அந்தப் பக்கம் தண்ணீரில் சாய்ந்தே கிடந்தது, குளிக்க இறங்கும் ஏணியோ வலப்பக்கம், அதனால் இத்தனை நாள் பார்க்கக் கிடைக்கவில்லை. உப்பு காய்ந்து, சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை. அதில் ஓர் இடத்தில் மட்டும், விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நுழையாத ஒரு துளையிலிருந்து, உப்பே இல்லாத ஒரு கோடு. கழுவி விட்டதுபோலச் சுத்தமாகக் கடல்வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் போனேன். துளையின் உதட்டில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரப்பர் படகில் இறங்கிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தொட்டிக்குள் காற்று போகவேண்டுமென்று வைத்த மெல்லிய குழாய் அது. படகு நாள்கணக்கில் அந்தப் பக்கமே சாய்ந்து வந்ததில், காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாகக் கடலில் போயிருக்கிறது. காணாமல் போனது தானாகவே போயிருக்கிறது. பின்னால் கையே இல்லை. அவர் அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார். "கரைக்கு வேகமா தள்ளு மச்சான்" என்றார்.

துறையில் ஊர்ப் படகுக்காக நின்ற வரிசையில் பல்லு இருந்தார். வழியனுப்ப வந்த கண்ணாடி பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தான் மூச்சுவாங்க, காற்றுக்குழாயைப் பற்றிச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை, தன் புத்திதான் கெட்டுப்போனது என்றார். அவர் அப்படிச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"இந்தத் தம்பி பாக்கலைன்னா?" என்று கேட்டார் பல்லு. "சாகுறவரைக்கும் நான் திருடன்தானே?"

"தப்புதான்டா. மன்னிச்சுக்க."

பல்லுவின் தோள் இறங்கியது. கண்ணாடி சிரித்துக்கொண்டே பையுடன் வரிசையிலிருந்து விலகி, வாங்கடா போகலாம், போய்க் கையை வைத்துத் தொலைக்கலாம் என்றார். பல்லுவும் ஓர் அடி நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். அத்தான் நகரவில்லை.

"ஆனா கம்பி திரும்பியிருந்துச்சுடா" என்றார். குரலில் சண்டை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "அது எப்படின்னு மட்டும் சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்கல."

பல்லு அவர் பக்கம் திரும்பினார். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு கண்ணாடியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்கே போய் நின்றார். படகு வந்ததும் ஏறிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

நங்கூரம் தூக்கும் முன் அத்தானும் கண்ணாடியும் பாய்மரத்தில் கை வைத்தார்கள். கண்ணாடி என்னைப் பார்த்து, நீயும் ஒரு கையை வையேன் தம்பி, கை கைதானே என்றார். "வேண்டாம். பேசினது பேசினதுதான்" என்றார் அத்தான்.

ஊர் திரும்பியதும் படகை விற்றார்கள். வாங்கியவர் பின்பக்கத்து வெள்ளையில் தன் மகள் பெயரை எழுதிக்கொண்டார். அத்தான் பழையபடி அலமாரிக்கு மத்தியில் போய் உட்கார்ந்தார். இப்போதெல்லாம் சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டு, ஏதோ கம்பியைத் திருப்புவதுபோல விரலைத் திருப்பிப் பார்ப்பார். அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டால், ஈயத்துக்குள் நசுங்கிய கம்பி எப்படித் திரும்பும் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மருத்துவர் அச்செடுக்கப் பின்கட்டுக்கு அனுப்பினார். பல்லு என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பசை நிரப்பிய தட்டை வாய்க்குள் செருகி, கடி, அசையாதே, இறுகட்டும் என்றார். சுற்றிலும் அலமாரியில் யார்யாருடையவோ தாடைகள் திறந்துகிடந்தன. உங்கள் அத்தான் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். வாய் நிறையப் பசையோடு நான் என்ன சொல்வது? அதற்காகத்தான் அப்போது கேட்டாரோ என்னவோ. விரலைத் தட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"துறையில வச்சுச் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா அவன் ரெய்டுக்கு வந்தவன் மாதிரி கேட்டான். எவனாலயும் முடியாதுன்னு எங்க முன்னாடி சொன்னான்ல, எனக்குக் கை அரிச்சுது தம்பி. கண்ணாடி மேல போன நேரம், ஒரு ஊசிதான். பிரிச்சேன், திருப்பி மாட்டினேன். கடைசித் தீவுல கை வைக்கும்போது சொல்லி அவன் மூக்கை அறுக்கலாம்னு இருந்தேன். மூடியைத் திறக்கக்கூட இல்ல."